அளவான பசி, அளவான உழைப்பு: முதுமையை மெதுவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். ஆயுள் இரண்டு, மூன்று வாரம். 1995-இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் புழுக்களைக் கொஞ்ச நேரம் மட்டும் அதிகச் சூட்டில் வைத்து, மறுபடியும் வழக்கமான வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். சூடு பட்ட புழுக்கள், படாதவற்றைவிடக் கூடுதல் நாள் வாழ்ந்தன. அதே சூட்டை நீட்டித்தால் புழு செத்துவிடும்.

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. சூடு படும்போது செல்லில் உள்ள புரதங்கள் மடிப்புக் கலைந்து உருக்குலைகின்றன. உடனே அவற்றைச் சீர்செய்யும் காவல் புரதங்களைச் செல் ஏராளமாக உற்பத்தி செய்கிறது. ஆபத்து விலகிய பிறகும் அவை சில காலம் அங்கேயே தங்கி, அன்றாடம் சேரும் மற்ற சேதங்களையும் சரிசெய்கின்றன. இப்படிச் சிறிய தாக்குதல் ஒன்று உடலின் பழுதுபார்க்கும் ஏற்பாட்டைத் தட்டி எழுப்புவதை ஹார்மெசிஸ் என்கிறார்கள். பசி, உடலுழைப்பு, வெப்பம், குளிர், சில காய்கறிகளின் கசப்பு எல்லாமே ஏறக்குறைய இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

இதில் பலரும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நாள் கணக்கில் பட்டினி, பனிக்கட்டித் தண்ணீரில் குளியல் என்று உடலை வருத்திக்கொள்கிறார்கள். புழுக்களைச் சூட்டிலிருந்து வெளியே எடுத்த அந்த இரண்டாம் பாதி இல்லாமல் ஆயுள் கூடியிருக்காது. அழுத்தம் சிறிதாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். முடிந்த பிறகு நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் கிடைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த மூன்று நிபந்தனைகளோடு சேர்த்தே படியுங்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டி, சோற்றையும் இட்லி தோசையையும் சாப்பிட்டு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

எல்லோருக்கும் ஒரே அளவு பசி பொருந்தாது. ஆகவே முதலில் சில எண்களைக் குறித்துவையுங்கள்: எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. இடுப்பைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், அளவு நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லைக்கோடு. எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடையே மிகுதி. எடை எந்திரம் அதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்தது ஒரு நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து, முழுதாக உட்காருங்கள். 30 விநாடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14-க்கும், பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் கால் தசை வலுவிழந்திருக்கிறது என்று பொருள். நாற்பது வயதிலேயே இந்த எண்ணைத் தொட மூச்சு வாங்குகிறது என்றால், உணவைக் குறைப்பதற்கு முன் படி 4-ஐத் தொடங்குங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், தானாகவே எடை குறைந்துகொண்டிருக்கும் முதியவர்கள், உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் யாரும் உண்ணாநோன்பு முறைகளில் இறங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் நீண்ட நேரம் பட்டினி இருந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும் ஆபத்து வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்று 2023-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இந்தப் பத்தி பொருந்தும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவது உங்கள் மருத்துவரின் வேலை. அதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: இரவுச் சாப்பாட்டை முன்னால் இழுங்கள்

நம் வீடுகளில் பகல் முழுவதும் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, நாளின் பெரிய சாப்பாட்டை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொள்கிறோம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், தோசைக்கல்லிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், எத்தனை ஆயிற்று என்று யாரும் எண்ணுவதில்லை. பத்தரைக்குப் படுக்கை. அதே அளவு மாவுச்சத்தை காலையில் சாப்பிட்டால் ஏறுவதைவிட இரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறுகிறது. உடலின் உள்கடிகாரம் மாலைக்குப் பிறகு இன்சுலின் வேலையை மெல்லக் குறைத்துக்கொள்வதே காரணம்.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 2018-இல் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்கள், நாளின் எல்லாச் சாப்பாட்டையும் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். எடை குறையாதபடி உணவளவு சரிக்கட்டப்பட்டிருந்தது. ஐந்து வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் நேரத்துக்கு என்று ஒரு பங்கு உண்டு என்பதற்கு அது நல்ல சான்று.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நண்பகலில் சாப்பிடத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடித்து, மீதி 16 மணி நேரம் நோன்பிருக்கும் முறையை 2020-இல் அமெரிக்காவில் 116 பேரிடம் சோதித்தபோது, வழக்கம்போல் மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு எதுவும் இல்லை. அவர்கள் இழந்த எடையில் தசையின் பங்கு கவலை தரும் அளவுக்கு இருந்தது. 2022-இல் சீனாவின் குவாங்ஜோவில் பருமனான 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்விலும், கலோரி சமமாக இருந்தால் நேரக் கட்டுப்பாடு தனியாகப் பெரிய நன்மை எதையும் சேர்க்கவில்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவு வயிறு முட்டச் சாப்பிடுவதால் பயன் இல்லை என்றே இவற்றை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. இரவு ஏழு, ஏழரைக்குள் சாப்பாட்டை முடித்து, மறுநாள் காலை ஏழரைக்கு மேல் வாயைத் திறங்கள். இடையில் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். பாலும் சர்க்கரையும் கலந்த காபி உணவுக் கணக்கில்தான் சேரும். விடியற்காலை ஐந்தரைக் காபியை விட முடியாதவர்கள் அதற்கேற்ப இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளுங்கள், அல்லது பால் இல்லாத கடுங்காபிக்கு மாறுங்கள். பத்து மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும் என்ற வேலையில் இருப்பவர்கள், மாலை ஆறு மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டலும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ரசம், காய், கொஞ்சம் மோர் என்று லேசாக முடித்துக்கொள்ளலாம்.

பதினாறு மணி நேரம் ஆனதும் செல்கள் தம் குப்பையைத் தாமே தின்றுவிடும் என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். ஆட்டோஃபேஜி என்ற அந்த வேலை உண்மையானது. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்தில் செல்லுக்குள் இருக்கும் பை ஒன்றில், மறுசுழற்சிக்கு வந்து சேர்ந்த குட்டிக் குட்டி உருண்டைகள் நிரம்பிக் குதித்துக்கொண்டிருந்தன. அந்த வழியில் தொடர்ந்து உழைத்தவருக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஈஸ்ட்டின் கடிகாரம் மனிதக் கல்லீரலுக்கோ மூளைக்கோ பொருந்தாது. உயிருள்ள மனிதரிடம் அது இந்த மணிக்குத் தொடங்கியது என்று காட்டும் எளிய பரிசோதனை கிடையாது. உடற்பயிற்சியும் அதே வேலையைத் தூண்டுகிறது. மணிக்கணக்கை வைத்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். ஏகாதசி, சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று ஒருபொழுது இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதன் பயனைக் கெடுப்பது விரதம் முடிக்கும் வேளையின் வடையும் பாயசமும் ஜவ்வரிசியும்தான். ரமலான் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி என்று நிதானமாகத் தொடங்கும் வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது; எண்ணெய்ப் பலகாரங்களை அதன்மேல் அடுக்காமல் இருந்தால் போதும்.

படி 3: தட்டைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள்

உணவைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற கதை 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கேயிடம் தொடங்குகிறது. சத்துகள் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்துக் கொடுத்த அவருடைய எலிகள், வயிறாரத் தின்ற எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. அதன்பின் ஈஸ்ட், புழு, ஈ என்று பல உயிர்களிடம் அதே முடிவு வந்தது.

குரங்கிடம் வந்தபோது சிக்கல் எழுந்தது. அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்து நீண்ட ஆய்வுகள் தொடங்கின. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2009-இல், குறைவாகச் சாப்பிட்ட குரங்குகளுக்கு முதுமை நோய்கள் குறைந்தன, அவை நீண்ட நாள் வாழ்கின்றன என்றது. தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-இல், எங்கள் குரங்குகளுக்கு ஆயுள் கூடவில்லை என்றது. இரண்டு குழுவும் உட்கார்ந்து தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் ஒன்றாக எழுதினார்கள். விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் சர்க்கரை மட்டும் 28 சதவீதம். மற்ற இடத்தில் சுமார் 4 சதவீதம். அதோடு, விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டிய மட்டும் தின்றன. இன்னோர் இடத்தில் ஒப்பீட்டுக் குரங்குகளுக்கே அளந்துதான் போட்டார்கள். நிறையத் தின்று சர்க்கரையில் ஊறிய உடலுக்கு உணவுக் குறைப்பு பெரிய மருந்து. ஏற்கெனவே அளவாகச் சாப்பிடும் உடலுக்கு மேலும் குறைப்பதால் கிடைப்பது கொஞ்சம். இந்த ஒப்பீட்டைத்தான் இந்த வழிகாட்டியின் நடுநாயகமாக வைக்கிறேன். நீங்கள் எந்தக் குரங்குக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை உங்கள் இடுப்பளவு சொல்லிவிடும்.

மனிதரிடம் நடந்த மிகக் கவனமான சோதனை கலெரி என்ற ஆய்வு. பருமன் இல்லாத, ஆரோக்கியமான 218 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், இரண்டு ஆண்டுகள், 25 சதவீதம் கலோரியைக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. வல்லுநர்கள் பக்கத்தில் இருந்தும் அவர்களால் குறைக்க முடிந்தது சராசரியாக 12 சதவீதம்தான். அதற்கே ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடலின் அழற்சி எல்லாம் இறங்கின. 2023-இல் அவர்களுடைய ரத்த மாதிரிகளைப் பார்த்தபோது, முதுமையின் வேகத்தை அளக்கும் ஒரு முறைப்படி வேகம் 2 முதல் 3 சதவீதம் குறைந்திருந்தது. வேறு இரண்டு அளவீடுகளில் மாற்றம் இல்லை. கூடவே தசையும், இடுப்பு, முதுகெலும்புகளின் அடர்த்தியும் சிறிது குறைந்தன. நன்மைக்கு விலை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

2024-இல் வந்த இன்னொரு முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஜாக்சன் ஆய்வகத்தில் மரபு வேறுபட்ட 960 பெண் சுண்டெலிகளை உணவுக் குறைப்பிலும் இடைவிட்ட பட்டினியிலும் வைத்துப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை பொதுவாக நீண்ட நாள் வாழ்ந்தன. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அதிகம் இளைத்தவை முந்திக்கொண்டு செத்தன. குறைவான தீனியிலும் உடல் எடையைக் காப்பாற்றிக்கொண்டவைதான் மிக நீண்ட ஆயுள் பெற்றன. எடை இறங்குவதையே வெற்றியாக எண்ணுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இனி அடுக்களைக் கணக்கு. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 12 சதவீதம் என்பது 240 கலோரி. வெந்த சோற்றில் 100 கிராம் குறைத்தால் 130 கலோரி. மூன்று காபியில் ஒவ்வொரு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டால் 60. தாளிக்கும் எண்ணெயில் அரை மேசைக்கரண்டி குறைத்தால் 60. கணக்கு முடிந்தது. பட்டினி என்ற பேச்சே வரவில்லை. ஒரு வாரம் மட்டும் சோற்றைக் கரண்டியால் அள்ளாமல் ஒரே கிண்ணத்தால் அளந்து போட்டுப் பாருங்கள். வழக்கமாக எவ்வளவு போட்டுக்கொண்டிருந்தோம் என்பது தெரியவரும்.

குறைத்த சோற்றின் இடத்தைப் புரதம் பிடிக்க வேண்டும். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தானியங்களின் பங்கை 45 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. வயது வந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. 65-ஐக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று முதுமை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முட்டை 12. நாள் முழுவதுக்கும் சாம்பார், கூட்டு, பொரியலில் சேரும் பருப்பு 50 கிராம் என்றால் 11. கைப்பிடிக் கொண்டைக்கடலை, காய்ந்த எடையில் 30 கிராம், 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. பாலும் தயிருமாக 400 மி.லி. 13. இட்லியும் சோறும் தருவது பன்னிரண்டு அளவில் இருக்கும். 61 ஆகிவிட்டது. மீன் சாப்பிடுபவர்கள் 100 கிராம் மீனிலேயே 20 கிராமை எடுத்துவிடுவார்கள். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் பருப்பையும் சுண்டலையும் இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது பனீரோ சோயாவோ சேர்க்க வேண்டும். சாம்பாரின் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு பருப்பு சாப்பிட்டேன் என்று கணக்கில் எழுதாதீர்கள். பருப்பு அடியில் இருக்கிறது.

படி 4: தசைக்கு வேலை கொடுங்கள்

அழுத்தங்களிலேயே மிக உறுதியாக நிரூபிக்கப்பட்டது இதுதான். ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

உடற்பயிற்சி உடலுக்குள் சேதம் செய்கிறது. தசை நார்களில் நுண்கிழிசல்கள் விழுகின்றன, செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. அந்தச் சேதமே செய்தி. 2009-இல் ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகத்தில் மிக்கேல் ரிஸ்டோவின் குழு, இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்தது. பாதிப் பேருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் வேலை மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. சேதத்தை மாத்திரை துடைத்துவிட்டதால், செய்தி செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. இளமை காக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைப் பயிற்சி செய்கிறவர்கள் ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு ஆய்வு போதும். நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடத் தடையில்லை. பேச்சு பெரிய அளவு மாத்திரைகளைப் பற்றியது.

தொடக்கம் இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம் நடை. மொட்டை மாடியிலோ தெருவிலோ போதும். சாப்பிட்ட கையோடு இயங்கும் கால் தசை, ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இதிலேயே நிறைந்துவிடும்.

இரண்டாவது, நாளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கும் ஒரு நிமிடம். இரண்டு மாடிப் படிகளை விறுவிறுவென்று ஏறுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத 25,241 பிரிட்டன்வாசிகளைக் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், அன்றாட வேலைகளுக்கு நடுவே இப்படி மூன்று முறை வேகமாக இயங்கியவர்களிடம், அப்படி இயங்கவே இல்லாதவர்களைவிட இறப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. இது வெறும் கவனிப்பு ஆய்வு. ஆரோக்கியமானவர்களே வேகமாகவும் ஏறியிருக்கலாம். ஆனாலும் படி ஏறுவதற்குச் செலவு எதுவும் இல்லை. நெஞ்சுவலியோ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மூன்றாவது, வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சி. படி 1-இல் சோதனைக்குப் போட்ட அதே நாற்காலி இங்கே கருவியாகிறது. பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்குங்கள். பின்புறம் நாற்காலியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது எழுந்துவிடுங்கள். பத்து முறை, ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடியும் பத்து, மறுபடியும் பத்து. அது எளிதானதும் இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்கள். அதுவும் எளிதானதும் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு. கைகளுக்கு, சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து எழும் தண்டால். கடைசி இரண்டு முறை உண்மையிலேயே சிரமமாக இருக்க வேண்டும். முட்டியில் குத்தும் வலி இருக்கக் கூடாது. ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தசை வளர்வது ஓய்வில், சாப்பாட்டில், தூக்கத்தில்.

நோன்பும் வலுப் பயிற்சியும் ஒரே நாளில் மோதினால் நோன்பை விட்டுக்கொடுங்கள்.

படி 5: கசப்பையும் காரத்தையும் காயாகச் சாப்பிடுங்கள்

செடிகள் பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சிறு நஞ்சுகளைச் சுரக்கின்றன. கடுகிலும் முட்டைக்கோஸிலும் முருங்கையிலும் நாக்கைக் கடிக்கும் கந்தகச் சேர்மங்கள் அந்த வகை. நம் உடலுக்குள் குறைந்த அளவில் வரும்போது, நச்சு நீக்கும் நொதிகளைச் செல் கூடுதலாகச் செய்துகொள்ள இவை தூண்டுகின்றன. வாரத்தில் மூன்று, நான்கு நாள் கீரை, ஒரு நாள் பாகற்காய், சுண்டைக்காயோ மணத்தக்காளியோ இருந்தால் இந்தப் படி முடிந்தது. அவற்றைப் பிழிந்து வடித்துச் செறிவாக்கிய மாத்திரைகளைத் தேட வேண்டாம். சமையலில் போடும் மஞ்சள் வேறு. உடல் உறிஞ்சும்படி மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கும் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

படி 6: சூட்டையும் குளிரையும் தேடிப் போகாதீர்கள்

பின்லாந்தின் குவோபியோ பகுதியில் 2,315 ஆண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, வாரம் நான்கு முதல் ஏழு முறை சானா என்ற சூட்டறைக் குளியலுக்குப் போனவர்களிடம் இறப்பு குறைவு என்று 2015-இல் சொன்னது. அதை வைத்து நம் ஊரிலும் விற்பனை நடக்கிறது. அங்கே அவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வெளியே குளிர்ந்த காற்றுக்கு வந்து, தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கிறார்கள். சூட்டுக்கு முடிவு இருக்கிறது.

முடிவில்லாத சூடு என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் அவர்கள் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் கண்டார்கள். நிழல் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதே நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆபத்து இரண்டு மடங்கானது. உடலுக்குச் சோதனை நல்லது என்ற பேச்சை வெயிலில் உழைப்பவர்களிடம் யாரும் கொண்டுபோகக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் வேலைநேர மாற்றமும். இவை கிடைத்தால் கூடும் ஆயுள், வேறெந்த நோன்பாலும் கூடாது.

குளிர்நீர்க் குளியலைச் சுருக்கமாக முடிக்கிறேன். மூச்சைத் திணறடித்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுவதால் இதய நோயாளிகளுக்கு அது ஆபத்து. மற்றவர்களுக்கும் ஆயுள் கூடும் என்று காட்டும் சோதனை எதுவும் இல்லை. பிடித்திருந்தால் செய்யலாம்.

படி 7: முடிவில்லாத கவலைக்கு ஒரு முடிவு கட்டுங்கள்

2004-இல் அமெரிக்காவில் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 58 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். பலர் நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளைக் கவனித்துக்கொள்பவர்கள். மிக அதிகமாக அழுத்தத்தை உணர்ந்தவர்களின் வெள்ளணுக்களில், குரோமோசோம்களின் முனைக் காப்பான டெலோமியர்கள், குறைவாக உணர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் பத்தாண்டு முதுமைக்குச் சமமாகக் குறுகியிருந்தன.

ஆறுதலான முடிவும் உண்டு. 2023-இல் ஹார்வர்டு குழு ஒன்று, இடுப்பு எலும்பு முறிவுக்காக அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களின் ரத்தத்தில், செல்களின் வயது ஒரே நாளில் ஏறியதையும் சில நாளில் பழைய நிலைக்கு இறங்கியதையும் அளந்து காட்டியது. கர்ப்ப காலத்தில் ஏறிய வயதும் பிரசவத்துக்குப் பிறகு இறங்கியது. ஏறிய வயது இறங்கும். இறங்குவதற்கு இடைவெளி கிடைக்க வேண்டும்.

படுத்த படுக்கையில் இருக்கும் மாமியாரையோ கணவரையோ ஆண்டுக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் தியானம் செய் என்று சொல்வதால் ஆகப்போவது கொஞ்சம்தான். வாரத்தில் இரண்டு அரைநாள் அந்த வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்வதுதான் அவருக்கு மருந்து. இதைப் படிக்கும் மகனோ மகளோ அந்த வேறொருவராக இருக்கலாம். இந்த நிலையில் இருப்பவர் யாரும் நோன்பைத் தொடங்க வேண்டாம். மற்ற எல்லோருக்கும் ஏழு மணி நேரத் தூக்கம், தினமும் ஒரே நேரத்தில். தூக்கம் குறைந்த வாரத்தில் பயிற்சியின் கனத்தையும் குறையுங்கள்.

படி 8: வரிசையும் மறுபரிசோதனையும்

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றாம் வாரம் தட்டில் புரதத்தைக் கூட்டுங்கள். அது பழகிய பிறகே சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறையுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். வலுப் பயிற்சியை ஐந்தாம் வாரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவு மீறியதை உடலே சொல்லும். விடியற்காலையில் காரணமில்லாத விழிப்பு, கை கால் குளிர்ந்துபோதல், எரிச்சல், முடி கொட்டுதல், மாதவிடாய் தள்ளிப்போதல், மாடி ஏறும்போது முன்னைவிடக் களைப்பு. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலும் நோன்பை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடுங்கள்.

பன்னிரண்டாம் வாரத்தில், படி 1-இன் எண்களை மறுபடியும் எடுங்கள். இடுப்பு குறைந்து நாற்காலி எண் கூடியிருந்தால் அப்படியே தொடருங்கள். இடுப்பும் குறைந்து நாற்காலி எண்ணும் குறைந்திருந்தால் தசை போய்க்கொண்டிருக்கிறது. சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சி நாள்களைச் சரிபாருங்கள். உணவில் எதையும் மாற்றாமலே ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், குறிப்பாக 60 வயதைக் கடந்தவர்கள், அதை நோன்பின் பலன் என்று எழுதிவைக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.